குப்பைத் தொட்டியைப் பார்த்து ரூம் போட்டோம்: தாம்பரம் பக்கம் நான்கு நாள் தீனி

சாப்பிடுவதற்காகத் தாம்பரம் போகிறேன் என்று சொன்னால் திண்டுக்கல்லில் எல்லாரும் சிரிக்கிறார்கள். பிரியாணி தின்ன ஊர் உலகமே நம்ம ஊருக்கு வருது, நீ எதுக்குப்பா ரயிலேறி அங்கே போறே என்கிறார்கள். சிரிக்கட்டும். நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். சின்ன வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு நான்கு வருடமாகத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்வருகிறேன். ஒருநாள் லோடு இறக்குகிற நேரத்தில் செட் தோசையும் வடகறியும் தின்றேன். அன்றைக்குப் பிடித்தது அந்த ஆசை. வீட்டில் அதைப் பற்றிப் பேசிப் பேசியே என் மனைவி பஞ்சவர்ணத்தின் காதைப் புண்ணாக்கிவிட்டேன்.

பஞ்சவர்ணம் தூய்மைப் பணியாளர். இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குகிறாள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியூரில் ரூம் போட்டுத் தங்கியதே இல்லை. போன மாதம் அவளுக்கு சேர்ந்தாற்போல நான்கு நாள் லீவு கிடைத்தது, புதன் முதல் சனி வரை. "வா, தின்னுட்டு வருவோம்" என்றேன். சரி என்றவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"ரூமு சுத்தமான ரூமா இருக்கணும். நான் சொல்றது பாத்ரூம் சுத்தம் இல்ல. மத்தவுக குப்பையில கைய விட்டே இருபத்திரண்டு வருசம் ஓடிருச்சு. நான் லீவுல போயித் திங்கிறதுக்கு இன்னொருத்தி கைய விடணுமா? அப்படி இருந்துச்சுன்னா அடுத்த வண்டிக்கே திரும்பிருவேன். நீங்க இருந்து தின்னுட்டு வாங்க."

சொன்னதைச் செய்கிறவள். என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னாள், அதையே செய்துவிட்டாள், பாவம். அதனால் இந்தக் கட்டுரையில் எந்தக் கடையில் எது ருசி என்பதைவிட, எந்த ரூமில் பஞ்சவர்ணம் தங்கச் சம்மதித்தாள் என்பதுதான் முக்கியம். அவள் கிளம்பிவிட்டால் நான் தனியாக வடகறி தின்ன வேண்டும். அது எப்போதும் தின்கிறதுதானே.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்குத் திண்டுக்கல்லில் பகல் ரயில். மதியம் ஒன்று நாற்பதுக்குத் தாம்பரம். ஆளுக்கு ஒரு பை. அவள் பையில் மூன்று அடுக்கு டிபன் கேரியர், இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், நான்கு துணிப்பை, கூடவே ரப்பர் கையுறை இரண்டு ஜோடி. லீவுக்குக் கையுறையோடு வந்த பெண் இந்த நாட்டிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

போனில் 'பசுமை ஓட்டல்' என்று தேடியபோது மேற்குப் பக்கம் பெரிய ரோட்டில் ஒன்று கிடைத்தது. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. ஒரு நாளுக்கு இரண்டாயிரத்து நானூறு. முதல் ராத்திரிக்கு மட்டும் போட்டிருந்தேன். அது என் மூளை இல்லை, அவள் மூளை. பெயர்ப்பலகையில் இலை, வரவேற்பு மேஜையில் இலை, சோப்பு உறையிலும் இலை. ரூமில் ஒரு அட்டை: துண்டைத் தினமும் மாற்றச் சொல்லாவிட்டால் நாம் பூமியைக் காப்பாற்றுகிறோமாம். வீட்டில் ஒரே துண்டை நான் ஒரு வாரம் போட்டுக்கொண்டால் மட்டும் ஏன் யாரும் எனக்கு அட்டை அடித்துக் கொடுப்பதில்லை?

வராந்தாவில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று தொட்டிகள். அதைப் பார்த்ததும் பஞ்சவர்ணம் முகம் மலர்ந்தது. நானும் ஜெயித்துவிட்டோம் என்று காலை நீட்டிப் படுத்தேன்.

மாலை ஐந்து மணிக்குத் துப்புரவுக்கு ஒரு பெண் வந்தார். ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் விடமாட்டார்கள். இவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவரோடு பின்பக்கப் படியில் இறங்கிவிட்டாள். நானும் பின்னால் போனேன். கீழே அந்தப் பெண் பச்சைத் தொட்டியைக் கறுப்புப் பையில் கவிழ்த்தார். நீலத்தையும் அதே பையில் கவிழ்த்தார். சிவப்பையும் அதிலேயே.

"ஏம்மா, எல்லாத்தையும் ஒண்ணாப் போடுறீகளே?" என்றாள் பஞ்சவர்ணம்.

"இன்னாக்கா பண்றது? கலரு கஸ்டமருக்கு. பின்னாடி வந்தா எல்லாம் ஒண்ணுதான். அப்பாலிக்கா நான்தான் கையால பாட்டில் மட்டும் பொறுக்குவேன்."

அவருடைய ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. இவள் அதைப் பார்த்தாள்.

"பிளேடுக்கா. சோத்துக்குள்ள எவனோ ஷேவிங் பிளேடு போட்டுக்கீறான். ஒரு தபாவா ரெண்டு தபாவா, பேஜாரா கீது."

பஞ்சவர்ணம் மேலே வந்தாள். பையிலிருந்து ஒரு ஜோடிக் கையுறையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள்: "நாளைக்கு மதியம் ரெண்டேகால் வண்டிக்கு நான் ஊருக்குப் போறேன்."

அன்று ராத்திரி, தாம்பரத்தில் இத்தனை கடைகள் மணம் வீசிக்கொண்டிருக்க, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தயிர்ச்சோற்றை ரூமுக்குள் உட்கார்ந்து தின்றோம். ஊறுகாய் கூட இல்லை. தீனிப் பயணத்தின் முதல் நாள் இப்படிப் போனது.

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு ஸ்டேஷன் கிழக்குப் பக்கம் ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் சங்கர். மத்தியானம் வரைக்கும் எழுநூறு ரூபாய் பேசினேன். ரெண்டேகாலுக்குள் ஒரு ரூம் கிடைக்க வேண்டும், அதுவும் இவளுக்குப் பிடித்த ரூம். சேலையூரில் முதல் லாட்ஜ். நான் ரிசப்ஷனுக்குப் போனேன், பஞ்சவர்ணம் நேராக லாட்ஜுக்குப் பின்னால் போனாள். இரண்டே நிமிடத்தில் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். சங்கருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா சார் இது? எல்லாரும் ரூமைப் பாப்பாங்க, பாத்ரூமைப் பாப்பாங்க. அக்கா குப்பையப் பாத்துகினு வருது?"

"குப்பை வண்டி வர்றதுக்குள்ள பாத்தாத்தான் தம்பி தெரியும்" என்றாள் இவள். "ரூமுல என்ன வேணாலும் போட்டோ மாட்டலாம். தொட்டி பொய் சொல்லாது."

கோவிலம்பாக்கத்தில் அடுத்த இடம். ஏழு இருபது. மாடி முழுக்கச் சூரிய மின் தகடு, வாசலில் பூந்தொட்டி, ஒரு நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு. பின்னால் இரண்டு தொட்டி, இரண்டும் கழுவித் துடைத்து காலியாக இருந்தன. எனக்குக் கொண்டாட்டம். "பாத்தியா, குப்பையே இல்லை!" என்றேன்.

"அஞ்சு மாடி வீட்டுல குப்பையே இல்லைன்னா அது எங்கிட்டுப் போச்சு?" என்று கேட்டுக்கொண்டே மதில் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தாள். பக்கத்துக் காலி மனையில் மொத்தமும் கிடந்தது. இரண்டு மாடு அதில் காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

நாங்களும் சாப்பிட்டோம். மேடவாக்கம் பக்கம் ஒரு மெஸ்ஸில் எட்டு மணிக்குப் பொங்கல், வடை. இலையில் போட்டார்கள். பொங்கல் ஐம்பது, வடை பதினைந்து. மிளகு முழுசாக இருந்தது, நெய் இலையைத் தாண்டி ஓடப்பார்த்தது. பஞ்சவர்ணம் பாதிப் பொங்கலோடு கையைக் கழுவினாள். ரயிலில் வயிறு கனக்கக் கூடாதாம். அதைக் கேட்ட பிறகு எனக்கும் வடை இறங்கவில்லை. மீதியைக் கேரியரில் வைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் சங்கர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, உங்களுக்கு ஏத்த மாதிரி ஒரு எடம் கீது. சிட்லபாக்கம் ஏரிகிட்ட. போர்டு கூட இருக்காது. ஒரு தபா சவாரி எறக்கிவுட்டுட்டு, குடிச்ச வாட்டர் பாட்டிலை அவங்க வாசல்ல போட்டேன். அந்தம்மா அதை எடுத்தாந்து என் சீட்டுலயே வச்சு, 'உன் வூட்டுக்கு எத்துகினு போ'ன்னு சொல்லிச்சு. அன்னிலேர்ந்து அந்தத் தெருவுல நான் மூச்சு வுடறதுக்கே யோசிப்பேன்."

பஞ்சவர்ணம் எழுந்துவிட்டாள். "வண்டிய எடுங்க தம்பி."

ஒன்பதே முக்காலுக்குச் சிட்லபாக்கம். ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. மேலே ஐந்து அறைகளை வாடகைக்கு விடுகிறார் ஸ்டெல்லா என்கிற அக்கா. அந்த ஊரிலேயே பிறந்தவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். பிள்ளைகளைக் கல்லூரியில் பார்க்க வருகிற பெற்றோரும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும்தான் அங்கே தங்குவார்களாம். நான் அழைப்பு மணியை அழுத்துவதற்குள் இவள் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய்விட்டாள். நான் ஓடினேன். பின்னாலேயே ஸ்டெல்லா அக்காவும் ஓடி வந்தார்.

"யாரும்மா நீ? கார்ப்பரேஷனா? ஃபைன் போட வந்தியா?"

"ரூமு பாக்க வந்தோம்க்கா."

"ரூம் மாடியில இருக்கு. இது குப்பை."

அதற்குள் இவள் கையுறையை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்துவிட்டாள். அன்றைக்குக் குப்பை வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. ஒன்றில் காய்கறித் தோலும் காபித்தூள் சக்கையும். இன்னொன்றில் அட்டையும் கவர்களும், மடித்து அடுக்கி. உடைந்த கண்ணாடி டம்ளர் ஒன்று தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று பேனாவால் எழுதி வைத்திருந்தது. என் நெஞ்சு குளிர்ந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? வாயை மூடிக்கொண்டு சரி என்று சொல்ல வேண்டியதுதானே? அவள் கையை விட்டு ஒரு பால் கவரை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"இதைக் கழுவாமப் போட்டிருக்கீக. நாளைக்கு நாறும்ல? பிரிக்கிறவளுக்குக் குமட்டும்ல?"

ஸ்டெல்லா அக்கா முகம் சிவந்துவிட்டது. "பாலுக்கு வெட்டிக் குடுத்தது நான், கழுவாமப் போட்டது மூணாம் ரூம்காரர். நான் பாக்கறதுக்குள்ள போட்டுட்டாரு. ஏம்மா, என் வீட்டுக் குப்பையக் கொறை சொல்ல நீ யாரு? ரூமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கெளம்புங்க ரெண்டு பேரும்."

முடிந்தது. நல்ல இடம் கிடைத்தும் விரட்டிவிட்டார்கள். என் மனக்கண்ணில் ரெண்டேகால் வண்டி பச்சைக் கொடியோடு நின்றது. "அக்கா, இவ தொழிலே இதுதான், மனசுல வச்சுக்காதீங்க" என்று நான் ஆரம்பித்ததை யாருமே காதில் வாங்கவில்லை.

பஞ்சவர்ணம் அந்தக் கவரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் தொட்டியில் இருந்த மற்றக் கவர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"யக்கா, நீங்க கவரு மூலையை முழுசா வெட்டுறது இல்லையா?"

உங்களுக்கும் எனக்கும் இது ஒரு விஷயமே இல்லை. பால் கவரின் மூலையை நறுக்கென்று வெட்டுவோம், அந்தச் சின்னத் துண்டு எங்கேயோ விழும். பெருக்கும்போது அகப்படாது, குப்பை பிரிக்கும்போதும் கையில் சிக்காது. வாய்க்காலில் போய்ச் சேரும். பஞ்சவர்ணம் மூலையை முழுசாக வெட்டமாட்டாள். பாதி வெட்டி, துண்டு கவரோடு தொங்கும்படி விடுவாள். கல்யாணமான புதிதில் அது தெரியாமல் நான் முழுசாக வெட்டியதற்கு இன்று வரை பேச்சு வாங்குகிறேன். ஸ்டெல்லா அக்காவின் தொட்டியில் இருந்த அத்தனை கவரிலும் மூலைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி வெட்டுவேன்?" என்றார் ஸ்டெல்லா அக்கா, கோபம் இன்னும் போகாமல். "ஒரு மழையில தெருத் தண்ணியெல்லாம் வீட்டுக்குள்ள வந்துச்சு. அப்புறம் வாசல் கால்வாயக் கிளறிப் பாத்தா, சேறோட சேறா பூரா இந்தத் துண்டுங்கதான். ஒரு முறம் இருக்கும். அன்னிக்கு நிறுத்தினேன். சொன்னா இந்தத் தெருவுல சிரிக்கிறாங்க."

"எங்க தெருவுலயும் சிரிப்பாக" என்றாள் இவள். "எங்க வீட்டுக்காரரே சிரிப்பாரு."

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வருகிற ரயில் முன்னால் நின்றுவிடலாம் போல இருந்தது. பஞ்சவர்ணம் கொல்லைக் குழாயைத் திறந்து அந்தக் கழுவாத கவரைக் கழுவி, உதறி, கொடியில் மாட்டினாள். ஸ்டெல்லா அக்கா அது பறக்காமல் இருக்க ஒரு கிளிப் மாட்டினார்.

"ரெண்டாம் நம்பர் ரூம் காலிதான்" என்றார். "மொதல்ல காபி சாப்புடறீங்களா?"

பதினொரு மணிக்குள் பழைய ஓட்டலிலிருந்து பைகளை எடுத்து வந்துவிட்டோம். அறை ஒரு நாளுக்கு ஆயிரத்து நூறு. ஏசி கிடையாது, மின்விசிறியும் எதிரெதிர் ஜன்னலும் உண்டு. குளிக்க வாளியும் குவளையும், மொட்டைமாடிச் சூரியத் தகட்டில் காய்ந்த வெந்நீர். குடிதண்ணீருக்கு வராந்தாவில் பெரிய எவர்சில்வர் பாத்திரம். இலைப் படம் ஒன்று கூட இல்லை.

ஒன்றரைக்குக் குரோம்பேட்டையில் பிரியாணி. அந்தக் கடையில் தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துப் போடுகிறார்கள். பஞ்சவர்ணம் எங்கள் தட்டுகளை நீட்டினாள். பரிமாறுகிறவர் ஒரு கணம் முழித்துவிட்டு, "சூப்பர்க்கா, எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்று ஆளுக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார். மட்டன் பிரியாணி இருநூற்று நாற்பது, கூடவே புளிப்பும் எண்ணெயுமாகக் கத்தரிக்காய். உண்மையைச் சொல்கிறேன், திண்டுக்கல்காரர்கள் அடிக்க வராதீர்கள்: அரிசி நம்ம சீரகச் சம்பாவுக்கு அண்ணன் மாதிரி நீளம், மணத்தில் தம்பிதான். ஆனால் அந்தக் கத்தரிக்காய் நம்ம ஊரில் கிடையாது.

சுவரில் கடிகாரம் இரண்டு பத்து. நான் அதைப் பார்த்தேன், இவளைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன்.

"என்ன மணியவே பாக்குறீக? வண்டியா? அது பாட்டுக்குப் போகட்டும். அந்தக் கத்தரிக்காயை இங்கிட்டுத் தள்ளுங்க."

தள்ளினேன். மொத்தக் கிண்ணத்தையும் தள்ளினேன்.

அப்புறம் எங்கள் கொடிதான் பறந்தது. வெள்ளிக்கிழமை காலை மேற்குத் தாம்பரத்தில் என்னுடைய வடகறிக் கடை. செட் தோசை எழுபது ரூபாய். மிஞ்சின வடையை வீணாக்காமல் உதிர்த்து, மசாலாவில் கொதிக்க வைத்துப் பிறந்த சரக்கு இது என்று சொன்னதும் பஞ்சவர்ணம் கரண்டியை வைத்துவிட்டு, "இவ்வளவு நாளா இதைச் சொல்லாம ருசி ருசின்னே சொன்னீகளே" என்றாள். இரண்டு முறை கேட்டு வாங்கினாள். மாலை திருநீர்மலை. சிட்லபாக்கத்திலிருந்து ஆட்டோவுக்கு இருநூறு. படிகளை நான் எண்ணவில்லை, என் முழங்கால் எண்ணியது. மேலே காற்று, கீழே ஏரி, கையில் தொன்னை நிறையப் புளியோதரை. நான் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "லோடு ஏத்துற ஆளு, தன் லோடை ஏத்த முடியல" என்று என் வயிற்றைத் தட்டினாள். ராத்திரிக்கு ஸ்டெல்லா அக்கா மீன் குழம்பு வைத்தார், அறை வாடகையில் சேராத சாப்பாடு, இரண்டு பேருக்கு முந்நூறு. முள்ளைக் கூட ஈரக்குப்பைத் தொட்டியில் போடாமல் தெருப் பூனைக்கு வைத்தார்கள் இரண்டு பேரும் சேர்ந்து. பூனை பந்திக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்கு என்னால் ஆன புத்தி. ரூமை ஒரு ராத்திரிக்கு மட்டும் முதலில் போடுங்கள். காலை ஆறரைக்குள், குப்பை வண்டி வருவதற்கு முன்னால், பின்பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். தொட்டியில் குப்பை கலந்திருந்தால் வேண்டாம். தொட்டி காலியாக இருந்தால் பக்கத்துக் காலி மனையைப் பாருங்கள். முடிந்தால் துப்புரவு செய்கிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள், முதலாளியைவிட அவருக்குத்தான் ஓட்டல் தெரியும். கேரியரும் தட்டும் கொண்டு போனால் சில கடையில் முறைப்பார்கள், பல கடையில் ஒரு கரண்டி கூடப் போடுவார்கள். பிளேடைக் காகிதத்தில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். ஸ்டெல்லா அக்காவின் முகவரியைக் கேட்காதீர்கள். ஐந்தே அறைதான், எழுதாதே என்று சொல்லிவிட்டார். சிட்லபாக்கத்தில் போர்டு இல்லாத வீடாகத் தேடுங்கள், கிடைக்காவிட்டாலும் ஏரிக்கரையில் நடந்த புண்ணியம்.

சனிக்கிழமை காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சவர்ணம் நான்கு மணிக்கு எழுகிறவள். காய்ச்சலில் கிடந்தாலும் நான்கு மணிக்கு உடம்பு தானாக எழுந்து உட்காரும். அன்று ஏழு மணிக்குக் கூட அவள் எழவில்லை. ஏழரைக்குத் தெருமுனையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்துக்கு இவள் எந்தத் தூக்கத்திலும் விழுந்தடித்துக்கொண்டு எழுவாள். கீழே ஸ்டெல்லா அக்கா இரண்டு தொட்டிகளையும் தனித்தனியாகக் கொடுக்கிற சத்தம் கேட்டது. பஞ்சவர்ணம் கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் கேட்டாள். பிறகு போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

எட்டு நாற்பது வரைக்கும் தூங்கினாள். வடகறி தீர்ந்துவிடுமே என்று வயிறு கத்தியது. நான் எழுப்பவில்லை.